ஏட்டிலிருந்து திரைக்கு – 9: கடைசியில் நிற்கும் ‘கர்’

சென்ற வாரம் ஒரு கிரேக்கச் சொல்லை அதன் அகராதி வடிவத்தைக் கொண்டு தேடுவது எப்படி என்று பார்த்தோம். சொல் எங்கெங்கே வருகிறது என்பது அந்தத் தேடலில் தெரிந்துவிடும். வந்த இடத்தில் அது முதலில் நிற்கிறதா, நடுவிலா, கடைசியிலா? இந்த வாரம் அதைத் தேடுவோம்.

நமக்கு உதவப்போவது ‘கர்’ என்ற சின்னஞ்சிறு சொல். ‘ஏனென்றால்’ என்று பொருள். புதிய ஏற்பாட்டில் ஆயிரம் முறைக்கு மேல் வருகிறது. ஆனால் நம் ‘ஏனென்றால்’ போல வாக்கியத்தைத் தொடங்கிவைக்காது. தமிழில் ‘ஓ’, ‘உம்’ போன்ற இடைச்சொற்கள் வேறொரு சொல்லைப் பற்றிக்கொண்டுதானே வருகின்றன? இதற்கும் முன்னால் ஒரு சொல்லாவது வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதாக நிற்கும். சில இடங்களில் மூன்றாவது, நான்காவது. அக்கார்டன்ஸ், லோகோஸ் போன்ற மென்பொருளில் இதைப் புதிய ஏற்பாட்டு வசனங்களின் முதற்சொல்லாகத் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

கடைசிச் சொல்லாகத் தேடும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. மாற்கு 16:8இல் கல்லறைக்கு வந்த பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காரணத்தை மாற்கு இரண்டே சொற்களில் தருகிறார்: அஞ்சினார்கள் என்னும் வினை, அதன்பின் ‘கர்’. நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளான சினாய்ட்டிகஸிலும் வாட்டிகானஸிலும் மாற்கு நற்செய்தி அந்த இடத்தோடு முடிகிறது. ஒரு நூல் இப்படி முடியுமா, அல்லது கடைசி ஏடு தொலைந்துபோயிற்றா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள்.

சரி, ‘கர்’ரில் முடியும் வசனங்கள் வேறு உண்டா? யோவான் 13:13 கிடைக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் ஆதியாகமம் 45:3, ஏசாயா 29:11 கிடைக்கின்றன. ஆனால் மிக முக்கியமான இடம் இந்தப் பட்டியலில் வராது. ஆதியாகமம் 18:15இல், தான் சிரிக்கவே இல்லை என்று சாராள் மறுக்கிறாள். அவள் அஞ்சியதே காரணம். மாற்கு எழுதிய அதே வினைச்சொல், அதன்பின் ‘கர்’, அதோடு வாக்கியம் முடிகிறது. வசனம் மட்டும் முடியவில்லை. சிரித்தாய் என்று அவளுக்குச் சொல்லும் பதிலும் அதே வசனத்தில் அடங்குகிறது. அதனால் வசனத்தின் கடைசிச் சொல்லைக் கேட்ட நமக்கு மென்பொருள் இதைக் காட்டாமல் விட்டுவிடுகிறது.

குறை மென்பொருளில் இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்கள் அச்சகர் ரொபேர் எத்தியென் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் முதலில் வந்தவை. மாற்குக்கு அவை தெரியாது. தேடலின் எல்லையை ‘வசனம்’ என்பதிலிருந்து ‘வாக்கியம்’ என்று மாற்றினால் சாராள் கிடைத்துவிடுவாள். அந்த வாக்கிய எல்லையும் பதிப்பாசிரியர்கள் இட்ட நிறுத்தக்குறிகளைப் பொறுத்ததுதான். பழைய படிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளிகூடக் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பிற்காலத்தில் சேர்ந்த குறுமுடிவை 8ஆம் வசனத்தோடே இணைத்துவைத்திருக்கும் மின்பதிப்பில், நாம் தேடிவந்த மாற்கு 16:8கூடப் பட்டியலில் வராது.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. கிரேக்க அச்சில் ‘கர்’ரின் தலைமேல் ஒரு சாய்கோடு இருக்கும். அடுத்த சொல் தொடர்ந்து வந்தால் அது இடமிருந்து வலமாக இறங்கும். நிறுத்தக்குறி வந்தால் ஏறும். முன்சொல்லோடு ஒட்டி ஒலிக்கும் சில குறுஞ்சொற்கள் பின்னால் வந்தாலும் ஏறும். ஆகவே ஏறுகோட்டு வடிவத்தை மட்டும் தேடச் சொன்னால், ‘கர்’ கடைசியில் நிற்கும் இடங்கள் மொத்தமும் ஒரு சிறு குவியலாக வந்துவிடும். ஒட்டுச்சொற்கள் தொடரும் இடங்களை மட்டும் கையால் களைந்தால் போதும்.

மாற்கு அந்தச் சொல்லிலேயே முடித்திருக்கலாம் என்றுதான் நான் கருதுகிறேன். வாக்கியம் அப்படி முடியும் என்பதற்குச் சாராளே சாட்சி. நூல் முடியும் என்பதற்கு, தத்துவஞானி புளோட்டினஸின் ஒரு கட்டுரை ‘கர்’ரோடு முடிவதைக் காட்டுகிறார்கள். ஏடு தொலையவில்லை என்று இவற்றைக் கொண்டு நிரூபிக்க முடியாது. ‘இப்படி எழுதவே முடியாது’ என்ற வாதம் மட்டும் இனி நிற்காது.

மென்பொருள் வைத்திருப்பவர்கள் அடுத்த இதழுக்குள் ஆதியாகமம் 18:15ஐ இரண்டு எல்லைகளிலும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.