கேமரா வாங்கலாம்... தூசிக்கு என்ன வழி?

செல்போன் வந்ததோடு சின்ன கேமராவின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். எழுதியதில் தப்பும் இல்லை. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில், 2010-ல் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. இந்தச் சரிவில் முதலில் அடிபட்டவை சட்டைப்பை கேமராக்கள்தான்.

அப்படி இருக்கையில், 2024 பிப்ரவரியில் எக்ஸ்100விஐ என்ற சின்ன கேமரா அறிவிக்கப்பட்டதும் பல நாடுகளில் முன்பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அதற்கு முந்தைய எக்ஸ்100வி, டிக்டாக், இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில், புதுக் கேமராவின் விலையைத் தாண்டி செகண்ட் ஹேண்டில் கைமாறியது. இன்னொரு பக்கம் ஜிஆர் வரிசைக் கேமரா. பெரிய ஆரவாரம் இல்லாமல் தெருப் படக்காரர்களின் பையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பது. 2019-ல் ஜிஆர் 3, 2025-ல் ஜிஆர் 4.

ஆக, கையில் லட்சத்துக்கு மேல் வைத்துக்கொண்டு ஒரு நல்ல சின்ன கேமரா தேடுகிறவர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டுக்கு நடுவில்தான். ஜிஆரா, எக்ஸ்100-ஆ?

காகிதக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார். உயர்ரக செல்போன்களில் பெருமையாகச் சொல்லப்படும் ஒரு இன்ச் சென்சாரைவிடப் பரப்பில் மூன்று மடங்கு. இரண்டிலும் ஜூம் கிடையாது, லென்ஸைக் கழற்றவும் முடியாது. ஜிஆர், 28 மி.மீ. கோணமும் எஃப்2.8 துளையும் கொண்டது. பேட்டரி, கார்டு சேர்த்தும் எடை சுமார் 260 கிராம். எக்ஸ்100விஐ, 35 மி.மீ. கோணம், எஃப்2 துளை, 521 கிராம். மெகாபிக்சல் ஜிஆர் 3-ல் 24, எக்ஸ்100விஐ-யில் 40. அறிமுக விலை ஜிஆர் 3-க்கு 899 டாலர், எக்ஸ்100விஐ-க்கு 1,599. ஜிஆர் 4 சுமார் 1,500 டாலருக்கு வந்தபோது, விலை குறைவு என்ற ஜிஆரின் பழைய சாதகமும் கிட்டத்தட்டப் போய்விட்டது.

நிறம் எதில் நன்றாக இருக்கிறது, ஃபோகஸ் எதில் வேகம் என்பதையெல்லாம் யூடியூபில் விடிய விடியப் பேச ஆள் இருக்கிறது. அங்கே யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. நம் ஊர்த் தூசி.

நீல வானத்தில் சாம்பல் புள்ளி

ஒரு சோதனை. செகண்ட் ஹேண்ட் ஜிஆர் ஒன்றைக் கையில் எடுங்கள். துளையை எஃப்16-க்குக் கொண்டு போங்கள். மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பாருங்கள். ஓரம் கரைந்த சாம்பல் நிறப் புள்ளி ஒன்று எங்காவது தென்பட்டால், அது சென்சார் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி. அதே கேமராவில் எஃப்2.8-ல் ஒரு முகத்தை எடுத்தால் அந்தப் புள்ளி காணாமல் போய்விடும். விற்கிறவர் மாதிரிக்கு அனுப்பும் படங்கள் பெரும்பாலும் முகங்களாகவே இருப்பதால், பளிச்சென்ற படத்தைப் பார்த்து யாரும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. கோபுரத்தை வானத்தோடு சேர்த்து எடுக்கும் முதல் நாளில்தான் புள்ளி எட்டிப் பார்க்கும்.

தூசி எப்படி உள்ளே போகிறது? ஜிஆரின் லென்ஸ், கேமராவை அணைத்ததும் உடம்புக்குள் மடங்கிக்கொள்ளும். இயக்கினால் வெளியே நீளும். நீளும்போது உள்ளே இடம் பெருகுகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். சைக்கிள் பம்பின் கைப்பிடியை மேலே இழுக்கிற அதே வேலை. எந்தக் காற்று உள்ளே போகும்? பேன்ட் பையில் இருந்தால் பஞ்சும் நூலும் கலந்த காற்று. செம்மண் ரோட்டோரம் நின்றால் செம்மண் கலந்த காற்று. சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு ஜிஆரில் இருக்கிறது. லேசாக ஒட்டியது உதிரும். ஈரக்காற்றில் பிடித்துக்கொண்டது அசையாது.

லென்ஸ் கழற்றும் கேமராவாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. லென்ஸைக் கழற்றி, ரப்பர் ப்ளோயரால் நாலு ஊது ஊதினால் முடிந்தது. இங்கே பின்பக்கத் திரையைப் பிரித்து, காகிதம் போன்ற ஃப்ளெக்ஸ் கேபிள்களை ஒவ்வொன்றாக விடுவித்து, லென்ஸ் பாகத்தைச் சென்சாரிடமிருந்து பிரிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது சென்சாரும் லென்ஸும் மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கலாகிவிடும். இதற்குப் பயந்து, வாக்குவம் கிளீனர் குழாயை லென்ஸ் மேல் வைத்து உறிஞ்சிப் பார்க்கிற ஆட்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிலருக்குத் தூசி வந்தது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பிச் செய்கிற காரியம் அல்ல இது.

எக்ஸ்100-ல் லென்ஸ் இப்படி நீண்டு மடங்குவதில்லை. ஆனாலும் கேமராவை வாங்கியபடியே தூசி, தூறலில் எடுத்துப் போக முடியாது. முன்னால் ஒரு அடாப்டர் வளையமும் 49 மி.மீ. புரொடெக்டர் ஃபில்டரும் மாட்டினால்தான் காப்பு முழுமையாகும். 2020-ல் வந்த எக்ஸ்100வி-யிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அந்த இரண்டையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் கொடுமை. ஆயினும் வாங்கிவிடலாம். ஜிஆருக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் அப்படியொரு காப்பு கிடையாது.

மார்கழியில் வளரும் படர்தாமரை

தூசிக்கு அடுத்தது ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்க வழி பிறக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்த அளவு சாதாரணம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தால் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருப்பது தெரியும். நாளாக ஆக அது லென்ஸின் பூச்சையே அரித்துவிடும். மற்ற கேமராவில் ஒரு லென்ஸோடு போகிற நஷ்டம், லென்ஸும் உடம்பும் ஒன்றாகிவிட்ட இந்தக் கேமராக்களில் மொத்தமாகப் போகிறது.

அழகுக்கு வாங்குகிற தோல் உறைதான் இதற்கு நல்ல விளைநிலம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். கேமராவை அதில் போட்டு அலமாரியில் மூன்று மாதம் மறந்துவிடுவதைவிட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது எவ்வளவோ மேல். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால், எப்போது காயவைக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை இயக்காமல், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விட வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் பனிப்படலம் பிடிப்பதைக் கல்யாண மண்டப வாசலில் நின்று படம் எடுத்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

வெயிலும் கணக்கில் வரும். ஜிஆரில் வியூஃபைண்டர் இல்லை; திரையும் அசையாது. சித்திரை மாத உச்சி வெயிலில் அந்தத் திரையில் தெரிவது பெரும்பாலும் நம் முகம்தான். எக்ஸ்100விஐ-யில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் உண்டு. திரையைச் சாய்த்தும் பார்க்கலாம். ஜிஆர் 3-ன் பேட்டரி ஒரு சார்ஜில் சுமார் 200 படம். எக்ஸ்100விஐ, ஆப்டிகல் வியூஃபைண்டரில் எடுத்தால் சுமார் 450. தேர்த் திருவிழாவில் நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இதற்குத் தெருப் படக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பையிலிருந்து எடுத்து, ஸ்னாப் ஃபோகஸில் இரண்டு மீட்டர் என்று வைத்து, ஒற்றைக் கையால் ஒரே அழுத்தில் படம் எடுப்பதற்கு ஜிஆரை விட்டால் ஆளில்லை என்பார்கள். அது உண்மைதான்.

பிரித்துப் பார்க்க யார் இருக்கிறார்?

ஆனால் என் கவலை அதையும் தாண்டியது. ஃபிலிம் கேமரா காலத்தில் ஊருக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். ஸ்பிரிங், பல்சக்கரம், ஷட்டர் திரை என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்தார். அப்பா வாங்கிய கேமரா மகன் கைக்கு வந்தது. இன்றைய கேமராவைப் பிரிக்கக் கை பழகியவர் இருந்தாலும், பூட்டிய பிறகு சென்சாரையும் லென்ஸையும் ஒத்திசைக்க மென்பொருள் வேண்டும், உதிரிபாகமும் வேண்டும். பல நேரம் சின்னப் பாகம் தனியாகக் கிடைக்காது, லென்ஸ் யூனிட்டையே முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான செலவைக் கேட்டதும் பலர் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மச்சானிடம் சொல்லி வாங்கிவரச் செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல கேமராக்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். மிச்சம் பிடித்த பத்தாயிரம் ரூபாய் முதல் பழுதிலேயே போய்விடும்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி உலகம் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு அதற்கென ஓர் இணையதளம் திறந்தது. செல்போன், மின்னணுச் சாதனம், வீட்டுச் சாதனம், வாகனம், விவசாயக் கருவி ஆகியவை அதன் வட்டத்தில் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்குச் சட்டமே போட்டது. உத்தரவாதக் காலத்துக்குப் பிறகும் உற்பத்தியாளரே பழுதுபார்த்துத் தர வேண்டிய பொருள்களின் பட்டியலில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், செல்போன், வாக்குவம் கிளீனர்கூட இருக்கின்றன. கேமரா இல்லை. சென்சார் தூசியை உறிஞ்சுகிற கருவிக்கு உரிமை கிடைத்துவிட்டது, தூசி புகுந்த கருவிக்குக் கிடைக்கவில்லை.

அதனால் தீர்ப்பு இதுதான். நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஈரத்துக்கும் எக்ஸ்100விஐ வாங்குங்கள். வளையத்தையும் ஃபில்டரையும் அன்றைக்கே மாட்டுங்கள், பிறகு கழற்றாதீர்கள். பட்ஜெட் இடித்தால் நல்ல நிலையில் உள்ள எக்ஸ்100வி போதும். ஜிஆர்தான் வேண்டும் என்பவர்கள், வெறும் சட்டைப்பையில் போடாமல் பஞ்சு உதிராத சின்னப் பையில் வையுங்கள். வாங்குமுன் எஃப்16 சோதனையைச் செய்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “சென்சாரில் தூசி விழுந்தால் எங்கே அனுப்புவீர்கள், எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும்?” பதிலை பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.