பகைவன் உடம்பில் உயிர் புகுந்தால்?
காதால் மட்டும் கேட்கும் விந்தை நாடகம்

கோவை பீளமேட்டில் மோட்டார்ப் பட்டறைகள் உண்டு. எரிந்துபோன மோட்டார்கள் அங்கே வரும். பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதிய காயில் கட்டுவார்கள். வெளியே பார்த்தால் அதே பழைய கூடு. உள்ளே இருப்பதோ புதிய கம்பி!

மோட்டாருக்கு இது நடக்கும். மனிதனுக்கு நடந்தால்? ஒருவன் உயிர் இன்னொருவன் உடம்பில் புகுந்துவிட்டால்? அதிலும், அந்த இன்னொருவன் அவனுடைய பரம விரோதியாக இருந்துவிட்டால்?

இப்படி உடம்பு மாறும் கதையை இங்கிலாந்தில் ஒலி நாடகமாகவே தயாரித்திருக்கிறார்கள்.

மாறிய வில்லன்கள்

அங்கே 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் கற்பனைத் தொடர் மிகவும் புகழ் பெற்றது. 1963-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. காலத்தைக் கடந்து பயணம் செய்யும் ஒருவர்தான் கதாநாயகர். அவருடைய பழைய பகைவன் பெயர் 'மாஸ்டர்'. ஓர் உடம்பு போனால் வேறு உடம்போடு வந்து நிற்பான்!

2016-ல் 'பிக் பினிஷ்' என்ற நிறுவனம் 'தி டூ மாஸ்டர்ஸ்' என்ற ஒலி நாடகத்தை வெளியிட்டது. அதில் இந்த வில்லனின் இரண்டு உருவங்கள் வருகின்றன. ஒருவன் உடம்பு மற்றவனுக்கு மாறிவிடுகிறது. ஆகவே, நடிகர்கள் இருவரும் ஒருவர் பாத்திரத்தை மற்றவர் பேச வேண்டியதாயிற்று.

நமக்குப் பழைய கதை

இது நமக்குப் புதிதா? இல்லை. 'கூடு விட்டுக் கூடு பாய்தல்' என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். விக்கிரமாதித்தன் கதையிலும் இந்த வித்தை வருகிறது.

திருமூலர் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக் கரையில் உள்ள சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடந்தான். மாடுகள் அவனைச் சுற்றிக் கதறின. அதைக் கண்டு இரங்கிய சிவயோகியார் மூலன் உடம்பில் புகுந்தார். மாடுகள் மகிழ்ந்தன. ஆனால் மூலனின் மனைவி திகைத்துப் போனாள். உடம்பு கணவனுடையது, பேச்சும் நடத்தையும் அவனுடையவை அல்லவே!

இதையே சிரிப்பு நாடகமாக எழுதியதும் உண்டு. அதன் பெயர் 'பகவதஜ்ஜுகம்'. வடமொழியில் எழுதப்பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த மாமண்டூரில், பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் காலத்துக் கல்வெட்டு இதைக் குறிப்பிடுகிறது. அப்படியானால் இதன் வயது 1,300 ஆண்டுகளுக்கு மேல்!

கதை இதுதான். எமதூதன் ஆள் மாறி ஒரு கணிகையின் உயிரைக் கொண்டுபோய்விடுகிறான். சீடனுக்கு யோகத்தின் பெருமையைக் காட்ட, சந்நியாசி ஒருவர் அவள் உடம்பில் புகுகிறார். தவறு தெரிந்து எமதூதன் திரும்பி வருகிறான். அவள் உடம்பில் வேறு உயிர்! என்ன செய்வான்? அவள் உயிரைச் சந்நியாசியின் உடம்பில் போட்டுவிடுகிறான். பிறகு கணிகை சாத்திரம் பேசுகிறாள். சந்நியாசி குலுக்கி நடக்கிறார்!

குரல் யாருடையது?

மேடையில் இந்த வேடிக்கையைக் கண்ணால் பார்க்கலாம். ஒலி நாடகத்தில் உடம்பே தெரியாதே! பிறகு எப்படி நடத்துவது?

வானொலி நாடகம் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். சென்னை வானொலி நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. கோவைக்கு 1966-ல் நிலையம் வந்தது. அதற்கு முன்பே, 1941-ல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தவர் கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடு.

இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத் தகட்டை ஆட்டினால் இடி இடிக்கும். இவையெல்லாம் ஒலி நாடகக்காரர்களின் தந்திரங்கள்.

உயிர் மாறினால் மட்டும் தந்திரம் வேறு. குரல் உடம்போடு சேர்ந்தது. பேசும் விதமோ ஆளோடு சேர்ந்தது. ஆகவே பழைய குரல் அப்படியே ஒலிக்கும். பேச்சு மட்டும் மாறும்.

பல்லடத்து விவசாயி ஒருவரின் உயிர் மதுரைக்காரர் உடம்பில் புகுந்ததாக வைத்துக்கொள்வோம். வாய் திறந்து "ஏனுங்க" என்றதுமே குட்டு வெளிப்பட்டுவிடும்!

பங்குக் கிணற்றுச் சண்டை

விரோதிகள் உடம்பு மாறினால் விஷயம் சிரிப்போடு நிற்காது.

கொங்கு நாட்டில் பங்குக் கிணறுகள் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்த முறைக்காகச் சண்டை போட்டுப் பல வருஷம் பேசாமல் இருக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேற்குத் தோட்டத்துக்காரர்; மற்றவர் கிழக்குத் தோட்டத்துக்காரர். ஒரு நாள் உடம்பு மாறிவிடுகிறது.

மேற்குத் தோட்டத்துக்காரர் எதிரியின் உடம்போடு எதிரியின் வீட்டுக்குப் போகிறார். திண்ணையில் கிழவி ஒருத்தி இருக்கிறாள். மகன் வந்துவிட்டான் என்று நினைத்து அவள் பேசுகிறாள்:

"ஏஞ்சாமி, இன்னைக்கும் சோறு திங்காமப் படுத்துக்குவியா? அந்த மேக்காலத் தோட்டத்துக்காரன் சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருக்காத கண்ணு."

அவருக்குச் சுருக்கென்றது. கோபத்தில் தாம் வீசிய ஒரு சொல். மறுநாளே மறந்துபோன சொல். அது இந்த வீட்டில் ஒருவரைப் பட்டினி போட்டிருக்கிறது!

உடம்பு மாறும் கதைகளின் உயிர்நாடி இதுதான். நம் சொல் எதிரியின் காதில் எப்படி விழுகிறது என்பதை அவன் காதாலேயே கேட்க வைக்கிறது.

உண்மையில் நடக்குமா?

நடக்காது. 1967-ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். இன்று இருதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் மாற்றுகிறார்கள். ஆனாலும் மாற்று இருதயம் பெற்றவர் வேறு ஆளாகிவிடுவதில்லை. அவர் நினைவு அவரிடமே இருக்கிறது. நினைவு குடியிருப்பது மூளையில். ஒருவர் மூளையை இன்னொருவருக்கு மாற்ற இன்றுவரை முடியவில்லை.

ஆனால் இதை விளையாட்டாகச் செய்து பார்க்க மருத்துவர் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். வீட்டில் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டால், இருவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். அண்ணன் பேசியதைத் தங்கை பேசட்டும். தங்கை பேசியதை அண்ணன் பேசட்டும். முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு, "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்பார்.