மேசைக் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் பெரிய லேப்டாப் வைக்கலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் பத்து வருஷமாக உழைக்கும் மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும் என்கிறது அது. மாற்றலாம் என்று கடைக்குப் போனால், "டெஸ்க்டாப் எதுக்குங்க, பெரிய ஸ்கிரீன் லேப்டாப்பா எடுத்துக்கங்க, எல்லா வேலையும் அதுலயே ஆயிரும்" என்கிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே ஆகும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நம் பக்கத்தில் லேப்டாப்புக்கு மாறுவதற்கு முதல் காரணம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலையில்தான் வருகிறது. அந்த நாள் 20-ஆம் தேதியாக அமைந்துவிட்டால், ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டியவர் பாடு திண்டாட்டம்தான். கடைகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. ஆனால் அவ்வளவும் கைக்கு வராது. மானிட்டரோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை அது கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. பேட்டரிக்கு இரண்டு வயதாகிவிட்டால் அதுவும் இல்லை. லேப்டாப்பில் 57 வாட்-மணி பேட்டரி இருந்தாலே, பில் போடுவது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகளுக்கு 12 முதல் 15 வாட் வரைதான் செலவாகும் என்பதால், நான்கு மணி நேரம் ஓடும். இன்டர்நெட் மோடத்துக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை நடக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இரண்டாவது காரணம் இரண்டு இடம். பகலில் சேகோ ஆலை, ராத்திரி வீடு என்று இருப்பவருக்கு, பத்து மணிக்கு லோடு ஏறி முடிந்ததும் வீட்டிலிருந்தே இ-வே பில் போட முடிவது பெரிய நிம்மதி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். வண்டி வெளிமாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது கணக்கு ஒரே மேசையில் கட்டிப்போட்டதுபோல் இருக்க முடியாது.

இந்த இரண்டு காரணமும் இல்லையென்றால், அதாவது இன்வெர்ட்டர் இருக்கிறது, ஒரே நாற்காலியில்தான் நாள் முழுக்க உட்காருகிறீர்கள் என்றால், டெஸ்க்டாப்பே வாங்குங்கள். அதே பணத்துக்குப் பெரிய திரை கிடைக்கும், கழுத்து வலிக்காது, கெட்டுப்போன உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, லேப்டாப்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எத்தனை இன்ச்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. கணக்கு எழுதுபவருக்கு வேண்டியது உயரம். 17.3 இன்ச், 16:9 வடிவத் திரையின் உயரம் சுமார் 21.5 சென்டிமீட்டர். இப்போது வரும் 16 இன்ச், 16:10 வடிவத் திரையின் உயரமும் அதே 21.5 சென்டிமீட்டர்தான்! பெரியதில் அகலம் மட்டும் நான்கு சென்டிமீட்டர் கூடுகிறது, கூடவே எடையும். பழைய 15.6 இன்ச் திரையின் உயரமோ 19.4 சென்டிமீட்டர்தான். திரையில் 1,080 வரிசைப் புள்ளிகளுக்குப் பதிலாக 1,200 இருந்தால் எக்செல்லில் ஐந்தாறு வரி கூடுதலாகத் தெரியும். ஸ்டாக் கணக்குப் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் நாள் முழுக்கப் புரியும். ஆகவே என் தேர்வு 16 இன்ச், 16:10. திரை பளபளப்பாக இல்லாமல் மேட் வகையாக இருக்கட்டும். தெருவைப் பார்த்த கடைகளில் மத்தியான வெளிச்சம் பளபளத் திரையில் அடித்தால் எழுத்து தெரியாது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய லேப்டாப்பானாலும் திரை கீபோர்டோடு ஒட்டியே இருப்பதால், குனிந்துதான் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் கழுத்து கேட்கும். ஆபீஸில் ஒரு ஸ்டாண்டும் தனி கீபோர்டும் கட்டாயம் வேண்டும். இன்னும் நல்ல வழி, 24 இன்ச் மானிட்டர் ஒன்றை அங்கே நிரந்தரமாக வைத்து ஒரே கேபிளில் இணைத்துக்கொள்வது.

கீபோர்டுக்கு வருவோம். டாலியில் வேலை செய்பவர்களுக்கு எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை. விரல் தானாகவே போகும். புது லேப்டாப்பில் எஃப்5 அழுத்தினால் திரை மங்கும், அல்லது சத்தம் கூடும். மேல்வரிசை விசைகளுக்கு அந்த வேலைகளை முதலில் ஒதுக்கியிருப்பதுதான் காரணம். பிசினஸ் மாடல்கள் பலவற்றில் எஃப்என் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் பழையபடி மாறிவிடும். வலது பக்கம் தனி எண் பலகை இருக்கிறதா, அதன் விசைகள் ஒடுங்கலாக இல்லையா என்றும் பாருங்கள். 14 இன்ச் லேப்டாப்பில் அது இருக்காது. பெரிய லேப்டாப் எடுப்பதற்கு என்னைக் கேட்டால் திரையைவிட இந்த எண் பலகைதான் நல்ல காரணம்.

அடுத்தது வாய்கள், அதாவது போர்ட்டுகள். லாரி ஆபீஸில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், தீவன மில்லில் வே பிரிட்ஜ், ஆடிட்டர் ஆபீஸில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பழைய வே பிரிட்ஜ்களிலிருந்து எடை வருவது ஒன்பது ஊசி சீரியல் கேபிளில். இன்றைய சாதாரண லேப்டாப் எதிலும் அதற்கு இடமில்லை, யுஎஸ்பிக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். மலிவானதை வாங்கினால் எடை பாதியில் நின்றுவிடும், டிரைவர் வண்டியோடு காத்திருப்பார். பழைய செவ்வக யுஎஸ்பி வாய் இரண்டாவது இருக்கட்டும்.

வெயிலையும் தூசியையும் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் எழுதுவதில்லை. பெரும்பாலான லேப்டாப்களுக்கு 35 டிகிரி வரைதான் வேலை செய்யும் வெப்பம் என்று குறிப்பேட்டில் இருக்கும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40-ஐத் தொடுகிறது. தகரக் கூரை போட்ட ஆலை ஆபீஸ் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் துகள் காற்றாடிக்குள் போய் அடைந்தால் சூடு இன்னும் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். லெனோவா, டெல், ஹெச்பி பிசினஸ் லேப்டாப்களில் இதற்கு வசதி உண்டு. செய்யாவிட்டால் வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்து பேட்டரியை உப்ப வைத்துவிடும். டச்பேட் மேலே தூக்கினால் அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், தாமதிக்க வேண்டாம்.

பிராசசர் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கணக்கு வேலைக்கு 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பிளெக்ஸ் பேனர், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள் மட்டும் விலை குறைந்த பிசினஸ் லேப்டாப்களைத் தவிர்க்கலாம். அவற்றின் திரைகளில் நிறம் வெளிறித்தான் தெரியும், அச்சில் வேறு மாதிரி வரும்.

வாரண்டியில் 'ஆன்சைட்' என்று எழுதியிருந்தாலும், ராசிபுரம், பரமத்திவேலூர் போன்ற உங்கள் ஊருக்கு ஆள் வருவாரா என்று பின்கோடு சொல்லிக் கேளுங்கள்.

விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 70,800 ரூபாய் பில்லில் 10,800 ரூபாய் வரி. ஜவ்வரிசி, துணி போல வரி உள்ள சரக்கு விற்பவர் தன் ஜிஎஸ்டி எண்ணைப் பில்லில் போடச் சொன்னால் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லாததால், முட்டை மட்டும் விற்கும் பண்ணைக்காரருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு முழுத் தொகையும் செலவுதான். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரின்டர் கேபிள், டாலி பேக்கப் மூன்றையும் கடைக்கு எடுத்துப்போய், கணக்கு எழுதுபவரையே உட்காரவைத்து பத்து பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.