நேரிலி அலைகளில் பின்ன வகைக்கெழு: பெயரும் பொருளும்

முன்னுரை

வகையிடலின் படி 1/2 ஆனால் அதன் பொருள் என்ன என்னும் வினா 1695இல் லோபிதால், லைப்னிட்ஸ் ஆகியோரின் கடிதங்களில் எழுந்தது. இன்று சொலிட்டான் ஆய்வுகளில் பின்ன வகைக்கெழு பெரிதும் கையாளப்படுகிறது. எனினும், அப்பெயர் எல்லா இடத்தும் ஒரே இயற்பியலைக் குறிப்பதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொலிட்டான்

ஆழம் குறைந்த நீரின் அலைகளுக்குக் கோர்ட்டவெக், டி விரீஸ் ஆகியோர் 1895இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டனர். அதில் அலைமுகத்தைச் செங்குத்தாக்கும் நேரிலி விளைவும் அலையைப் பரவச் செய்யும் பிரிகை விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அலை வடிவம் குலையாது செல்கிறது. இத்தகைய அலைகள் மோதிய பின்னும் தம் வடிவை மீளப் பெறுவதைக் கணினிவழிக் கண்ட சபுஸ்கி, குரூஸ்கல் ஆகியோர் 1965இல் அவற்றுக்குச் சொலிட்டான் எனப் பெயரிட்டனர்.

நேரத்தில் பின்னப்படி

இச்சமன்பாட்டின் நேர வகைக்கெழுவைக் கப்பூட்டோ வகைக்கெழுவாக மாற்றினால், ஒரு கணத்தின் நிலை தொடக்கம் முதலான வரலாறு முழுவதையும் சார்கிறது. இதுவே நினைவு விளைவு. இங்குச் சங்கிலி விதியும் பெருக்கல் விதியும் வழக்கமான எளிய வடிவில் பொருந்தா. ஆகவே, மாறா வேகத்தில் செல்லும் அலை எனக் கொண்டு சமன்பாட்டைச் சுருக்கும் வழக்கமான முறையும் செல்லாது.

2014இல் கலீல் முதலானோர் முன்மொழிந்த கன்ஃபார்மபிள் வகைக்கெழுவில் அவ்விதிகள் பொருந்துகின்றன. காரணம் எளிது: அது முதற்படி வகைக்கெழுவை நேரத்தின் ஓர் அடுக்கால் பெருக்கியதே. படி 1/2 எனில், நேரத்தின் வர்க்கமூலத்தின் இருமடங்கைப் புதிய நேரமாகக் கொண்டவுடன் பழைய சமன்பாடே மீள்கிறது. அலையின் உயரமும் அகலமும் மாறுவதில்லை. வேகம் மட்டும் காலப்போக்கில் குறைகிறது. நினைவு விளைவு ஏதுமில்லை. பெருக்கல் விதியை அப்படியே நிறைவுசெய்யும் வகைக்கெழு உண்மையான பின்ன வகைக்கெழு ஆகாது எனத் தாராசோவ் 2013இலேயே நிறுவினார்.

இடத்தில் பின்னப்படி

பிரிகை உறுப்பில் பின்னப்படியை இட்டால் அலையின் வடிவமே மாறுகிறது. கோர்ட்டவெக்–டி விரீஸ் சமன்பாட்டில் படி 2. ஆழமிகு அடுக்குப் பாய்மங்களுக்குரிய பெஞ்சமின்–ஓனோ சமன்பாட்டில் படி 1. முன்னதன் தனியலை ஓரங்களில் அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது. பின்னதன் தனியலை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மெல்லத் தேய்கிறது. இது அளந்தறியத்தக்க வேறுபாடு.

முடிவுரை

பின்னப்படி சொலிட்டான் தீர்வு கிடைத்தது எனக் கூறுமுன், எவ்வரையறை கையாளப்பட்டது, மாறியை மாற்றினால் பழைய சமன்பாடே மீள்கிறதா என்னும் இரண்டையும் ஆய்வாளர் சோதித்தல் வேண்டும். மீளுமாயின், கிடைத்தது புதிய தீர்வன்று. புதிய கடிகாரத்தால் அளக்கப்பட்ட பழைய அலையே.