எக்ஸ்-கதிரும் மீயொலியும்: அஞ்ச வேண்டியது எதற்கு?

அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை பேருந்தில் சென்றால், 'ஸ்கேன்', 'எக்ஸ்-ரே' என்னும் பெயர்ப் பலகைகள் பல உங்கள் கண்ணில் படும். கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் ஸ்கேன் எழுதித் தந்தால், "கதிர் குழந்தையைத் தாக்குமோ?" என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. அதே குடும்பத்தினர், பையனின் சாதாரணத் தலைவலிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கும்படி மருத்துவரை வற்புறுத்துவதும் உண்டு. அச்சம் இங்கே இடம் மாறி நிற்கிறது. 'ஸ்கேன்' என்ற ஒரே சொல் இரு வேறு முறைகளைக் குறிப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம்.

அயனியாக்கும் கதிர்

1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிர், ஒளியைப் போன்ற மின்காந்த அலையே. ஆனால் ஆற்றல் மிக்கது. உடல் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்து அயனிகளை உண்டாக்கும். இதனால் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. சிதைவுறலாம், பெரும்பாலான சிதைவுகளை உடலே சரிசெய்துவிடும். எனினும், கதிர் அளவு கூடக்கூடப் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் சிறிது கூடும்.

மண், வானம், உணவு ஆகிய இயற்கை மூலங்களிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்-ரே ஒன்றில் கிடைப்பது 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுச் சி.டி. ஸ்கேனிலோ ஏறத்தாழ 8! எக்ஸ்-கதிரைக் கொண்டே பல கோணங்களில் படம் பிடிப்பது சி.டி. என்பதை மறவாதீர்கள்.

எதிரொலி காட்டும் படம்

கருவைக் காணப் பயன்படுவது மீயொலி. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; இக்கருவி அனுப்பும் ஒலி பல இலட்சம் அதிர்வுகள் கொண்டது. மென்திசுவில் அது நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். எதிரொலி நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், உறுப்பு 7.7 செ.மீ. ஆழத்தில் உள்ளது என்று கருவி கணக்கிடும். தோலுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள காற்று ஒலியைத் திருப்பிவிடும் என்பதால்தான் பசையைத் தடவுகிறார்கள்.

இதில் அயனியாக்கம் இல்லை. சிறிதளவு வெப்பம் உண்டாகலாம். ஆகவே மருத்துவத் தேவைக்கு மட்டும், தேவையான நேரம் மட்டும் பயன்படுத்துவதே முறை. கருவின் பாலினத்தை அறிய இதைப் பயன்படுத்துவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. எக்ஸ்-ரேக்கும் சி.டி.க்கும் செல்கையில் பழைய படங்களை எடுத்துச் செல்லுங்கள். அவை போதுமானால் மறுபடியும் கதிர் ஏற்க வேண்டியதில்லை.

2. கருவுற்றிருந்தால், அல்லது அந்த ஐயம் இருந்தால், படம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

3. துணைக்கு வந்தவர் அறைக்கு வெளியே நிற்கட்டும். கதிர் மூலத்திலிருந்து தொலைவு இரு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் உள்ளே இருந்தே தீரவேண்டுமானால், அவர் ஈயக் கவசம் அணிய வேண்டும்.

4. எக்ஸ்-ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. அது உள்ளதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

எலும்பு முறிந்தவர் எக்ஸ்-ரேக்கு அஞ்சுவதும், தலையில் பலத்த அடிபட்டவர் சி.டி.யை மறுப்பதும் அறிவுடைமை ஆகா. அங்கே படம் எடுக்காமலிருப்பதே பெரிய ஆபத்து. மருத்துவர் அடுத்த முறை 'ஸ்கேன்' என்றால், "கதிரா, ஒலியா? இதனால் தெரியப்போவது என்ன?" என்று கேளுங்கள். விடை அறிந்தபின் அச்சமும் அளவோடு நிற்கும்.