கேரவன் பயணம்: ராத்திரி எங்கே நிறுத்துவது?

போனஸ் கைக்கு வந்த அன்று சாயங்காலமே திருப்பூரில் அந்தப் பேச்சு தொடங்கிவிடும்: "இந்தத் தடவை வேன் புடிச்சு எங்க போலாம்?" தீபாவளிக்கு பனியன் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் மூடியிருக்கும். பொங்கலுக்கு இன்னொரு முறை. மற்ற நாளெல்லாம் ஷிப்மென்ட் தேதிதான் வீட்டையும் நடத்துகிறது. கிடைக்கிற இந்தச் சில நாட்களை வீணாக்கிவிடக் கூடாது என்ற தவிப்பு நியாயமானது.

டூரிஸ்ட் வேனுக்குப் பதிலாக கேரவன் எடுத்தால் என்ன என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் நமக்குப் பழக்கம். படுக்கை, சின்ன அடுப்படி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதுதான் கேரவன் சுற்றுலா.

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. கூட்டு வண்டி பூட்டிக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கும் போன குடும்பங்கள், கல் கூட்டிச் சமைத்து வண்டியோரத்திலேயே படுத்து எழுந்தன. இங்கிலாந்தில் 1885இல் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டச் சொல்லி வாங்கிய 'வாண்டரர்' வண்டியையும் குதிரைகள்தான் இழுத்தன. மாட்டு வண்டிக்காரர் கிளம்பும்போதே ஒன்றை முடிவு செய்துவிடுவார்: இருட்டுவதற்குள் எந்தக் கிணற்றடியில் மாட்டை அவிழ்ப்பது? கேரவனுக்கும் முதல் கேள்வி இதுதான். பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் சிரமப்படுகிறார்கள்.

ஒரு மே மாதம் உறவினர் குடும்பத்தோடு வாடகைக் கேரவனில் மூணாறு கிளம்பினோம். முதல் இரவு உடுமலைப்பேட்டை தாண்டி, தெரிந்தவர் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். ஏசி போட்டுக் குழந்தைகளைத் தூங்கவைத்தோம். பதினொரு மணி இருக்கும், ஏசி நின்றது. கொஞ்ச நேரத்தில் விளக்கும் மங்கியது. தகரக் கூரை பகல் முழுக்க வாங்கிய வெயிலை உள்ளே இறக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் வேர்த்து எழுந்து அழுதார்கள். கடைசியில் தோப்புக்காரர் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தோம்.

கணக்கு எளிது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 2,400 வாட்-மணி. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்சம். ஃபேன் மட்டும் என்றால் அதே பேட்டரி விடியும்வரை தாங்கும். மறுநாள் இரவு மூணாறில் ஏசி தேவைப்படவே இல்லை, கம்பளிதான் தேவைப்பட்டது.

அதனால் கரன்ட் இணைப்பு தரும் இடம் கையில் இல்லையென்றால், உயரத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். வால்பாறையும் வாகமணும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். மூணாறு 1,500 மீட்டர் அளவில். ஊட்டி 2,240 மீட்டர். இரவில் குளிரும் ஊர்கள் திருப்பூரைச் சுற்றி இத்தனை இருப்பது நமக்கு வாய்த்த வரம்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் மண் சரிந்து வழி அடைபடுவது அந்த மாதங்களில்தான். மலைக்குப் பொங்கல் விடுமுறையே நல்லது என்பது என் எண்ணம். வானம் தெளிந்திருக்கும், பனி இருக்கும், கோடைக் கூட்டம் இருக்காது. மே மாதம் போகிறவர்கள் இ-பாஸை மறக்கக் கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். டிராவலர் அளவு வண்டி ஏறிவிடும், நீளமான பஸ் பாடி கேரவன் திண்டாடும். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறினால் 27 வளைவுகள். அங்கே 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். புலிகள் காப்பகச் சாலையோரத்தில் "ஒரு ராத்திரிதானே" என்று நிறுத்தவே கூடாது. அது யானை நடக்கும் வழி. மைசூர் போகிறவர்கள் மாலையாகிவிட்டால் சத்தியமங்கலத்திலேயே தங்கி, விடிந்ததும் மலை ஏறலாம்.

வண்டி நிறுத்துவதற்கென்றே இடம் அமைக்கும் வேலையில் கேரளம் முந்திக்கொண்டது. 'கேரவன் கேரளா' என்ற பெயரில் 2021இல் கொள்கை அறிவித்து, 2022 பிப்ரவரியில் வாகமணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தார்கள். குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டிகள் நிற்க இடம் இருந்தால் தனியாரும் பூங்கா நடத்தலாம் என்பது அந்தத் திட்டம். பொள்ளாச்சி, உடுமலையில் 50 சென்ட் ஒதுக்கக்கூடிய தோப்புக்காரர்கள் எத்தனை பேர்! தண்ணீர், கரன்ட் பிளக், கழிவு இறக்கும் தொட்டி, இரவில் ஒரு காவலாள் இருந்தால் போதும். இங்கே இது பரவவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கழிவைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்ட நாட்களை மறக்க முடியுமா? கேரவனில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு, மற்றது கழிப்பறைக்கு. நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் ஆறேழு குடம். நாலு பேர் வீட்டுப் பழக்கத்தில் குளித்தால் ஒரே நாளில் தீர்ந்து, அத்தனையும் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். அதை எங்கே இறக்குவது என்று கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். சோலைக்காட்டு ஓடையில் குழாயைத் திறந்துவிடுவது நமக்கு அடுக்காது.

சொந்தமாக வண்டி கட்ட நினைப்பவர்களுக்குக் கரூர் பக்கம்தான். பஸ் பாடி கட்டுவதில் பேர் பெற்ற ஊர். பட்டறையில் என்ன வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் ஆர்சி புத்தகத்தில் ஏறாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் மாட்டும். வாடகைக்கு எடுத்தால் மஞ்சள் போர்டு, அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இரண்டையும் பார்த்து ஏறுங்கள். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ஓட்டுவதற்கு எல்எம்வி லைசென்ஸ் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

வெளிநாட்டுக்கும் 'ராத்திரி எங்கே நிறுத்துவது?' என்ற அதே கேள்வியோடு போகலாம். பையர் மீட்டிங்குக்கு ஜெர்மனி போகிறவர்கள் அங்கே 'ஸ்டெல்பிளாட்ஸ்' என்ற போர்டைப் பார்த்திருப்பார்கள். ஊருக்கு ஊர் கேரவன் நிறுத்த ஒதுக்கிய இடம், பல இடங்களில் காசு போட்டால் தண்ணீரும் கரன்ட்டும் வரும். ஆனால் நம் தீபாவளிக்கு அங்கே குளிர் இறங்கிவிடும், பல முகாம்கள் அக்டோபரோடு மூடிவிடும். ஐரோப்பாவுக்கு மே மாதம் சரி. தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும்தான் பொருந்தும். அங்கே அப்போது வசந்தமும் கோடையும், வண்டியும் நம்மைப் போல இடது பக்கம்தான். நியூசிலாந்தில் பொது இடங்களில் இலவசமாகத் தங்க வழி உண்டு என்றாலும், வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும் என்று 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ அலுவலகத்திலேயே வாங்கலாம், ஓராண்டு செல்லும்.

கேரவன் வாடகையைக் கேட்டதும் பீஸ் ரேட்டில் தைக்கும் டைலர் குடும்பம் பின்வாங்கிவிடும். அவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. மூணாறு டிப்போவில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய பஸ்களுக்குள் படுக்கை போட்டு 2020 நவம்பரில் வாடகைக்கு விட்டது. தொடங்கும்போது ஒரு படுக்கைக்கு 100 ரூபாய். இப்போதைய வாடகையைப் போனில் கேட்டு இடம் பிடித்துக்கொண்டு, காலையில் உடுமலை போய் மூணாறு பஸ் ஏறுங்கள். சின்னாறு காட்டையும் மறையூர்ச் சந்தன மரங்களையும் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே போய், இரவு பஸ்ஸிலேயே படுத்துக்கொள்ளலாம்.