முதலில் அவர்கள் மொழி!

கோடை விடுமுறை வந்தால் போதும். அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து மாணவர் குழுக்கள் புறப்பட்டுவிடுகின்றன, மெக்சிகோவுக்கு, குவாத்தமாலாவுக்கு! கையிலே வேதப் புத்தகம், கண்ணிலே கனவு. ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்குவர். சுவர் எழுப்புவர், சிறுவர்க்குப் பாட்டுச் சொல்லித் தருவர், படம் எடுத்துக்கொண்டு திரும்புவர்.

மதம் பரப்புவது முறையா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. நாம் கேட்பது வேறு: போய் இறங்கிய ஊரிலே இவர்கள் பேசுவது யார் மொழியிலே?

1917ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் ஆக்சிடென்டல் கல்லூரி மாணவர் வில்லியம் கேமரன் டவுன்செண்ட், வயது 21, படிப்பை நிறுத்திவிட்டுக் குவாத்தமாலா சென்றார். ஸ்பானிய மொழி வேதப் புத்தகங்களை விற்பது வேலை. ஓராண்டிலே திரும்பிவிடலாம் என்பது எண்ணம்.

மலை ஏறினார், ஊர் ஊராக நடந்தார். கண்டது என்ன? கக்சிகேல் மக்களிலே பலருக்கு ஸ்பானிஷ் தெரியாது! 1524இலே அல்வராதோவின் படையோடு வந்த மொழி அல்லவா அது! அலுவலகத்திலே ஸ்பானிஷ், உழைப்பவன் அடுப்படியிலே கக்சிகேல். மூட்டை நிறையப் புத்தகம், படிக்கத்தான் ஆளில்லை!

உரக்கக் கத்தினாரா? இல்லை. உட்கார்ந்தார், கேட்டார், சொல் சொல்லாகக் கற்றார். லத்தீன் இலக்கண அச்சிலே அம்மொழியை வார்க்க முடியாது, அதற்கென்று தனி இலக்கணம் உண்டு என்று தெளிந்தார். ஓராண்டு பல்லாண்டாயிற்று. 1931இலே கக்சிகேல் மொழியிலே புதிய ஏற்பாடு அச்சேறிற்று.

அவர் பின்னர் கண்ட நிறுவனம், பண்பாட்டிலே தலையிடுகிறது என்ற பழிக்கு ஆளானதும் உண்டு. 1979இலே மெக்சிகோ அரசு அதனோடு கொண்ட உடன்பாட்டை முறித்ததும் உண்டு. அதை மறைப்பானேன்! நாம் சுட்டுவது, வந்த இடத்திலே மாணவர் மாணவராகவே அமர்ந்தாரே, அந்தப் பணிவை!

அந்தப் பணிவு இல்லாதபோது என்ன நேரும்? 1968இலே, மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய மாணவர்களிடம் கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச் முகத்துக்கு நேரே இடித்துரைத்தார். கற்க வாருங்கள், விருந்தாளியாக வாருங்கள்; மொழி அறியாமல், செய்வது இன்னதென்று புரியாமல், உபகாரம் செய்ய வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். சொன்னவர் நாத்திகரல்லர், பாதிரியார்!

குவாத்தமாலாவிலே மாயன் மொழிகள் மட்டும் 22. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசே அம்மொழிகளுக்கு மதிப்பளித்தது. அரசு தலைவணங்கிய மொழியை, இரண்டு வார விருந்தாளி அலட்சியம் செய்யலாமா?

இரண்டு வாரத்திலே மொழி வருமா என்பீர். வராது. ஆனால், சோறிட்ட தாயின் பெயரைச் சரியாக உச்சரிக்க வரும். நன்றிக்குக் கக்சிகேலிலே ‘மத்யோஷ்’. அந்த ஒரு சொல்லைப் பழக எத்தனை வாரம் வேண்டும்? முதல் நாள் சுவர் கட்ட வேண்டாம், திண்ணையிலே உட்காரட்டும். அவ்வூர்க் கொத்தனாருக்குச் சுவர் கட்டத் தெரியும். அவரிடம் பாடம் கேட்கட்டும்.

1938இலும் 1965இலும் தாய்மொழிக்காகச் சிறை புகுந்தவர்களின் வழி வந்தவர்கள் நாம். ஆகவேதான் சொல்கிறோம்: ஒருவன் மொழியை மதியாமல் அவனுக்கு அன்பு காட்டுவதாகச் சொல்வது அன்பல்ல, அதிகாரம்! கடல் கடக்கும் மாணவர்களே, வாயைப் பிறகு திறக்கலாம். முதலில் காதைத் திறவுங்கள்!